கட்டிப்போட்ட காரின் கணக்கு

கார் என்பது நகர்வதற்காகவே செய்யப்பட்ட பொருள். சக்கரம், பேரிங், ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் என்று அதில் உள்ள நல்ல பாகங்கள் எல்லாம் அதை எளிதாக உருளவும் மெதுவாக ஆடவும் விடத்தான் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை லாரியில் ஏற்றி, நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் அசையாமல் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்றால், காரைச் செய்த பொறியாளரின் திறமை அத்தனையும் ஏற்றுகிறவருக்கு எதிராக நிற்கிறது. அரிசி மூட்டையைக் கட்டுவதும் காரைக் கட்டுவதும் வேறு வேறு வேலை ஆவது இதனால்தான்.

சென்னைப் புறநகரான பொத்தேரிக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஜி.எஸ்.டி. சாலையில் சற்றுத் தெற்கே போனால் மறைமலை நகர். 1990களின் இறுதியிலிருந்து 2022 வரை ஃபோர்டு ஆலை அங்கே கார் செய்தது. அதையும் தாண்டி மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. ஆலை இயங்குகிறது. இரண்டு தட்டு கார் டிரெய்லர்கள் இந்தச் சாலைக்குப் பழகிப்போன காட்சி. ஆனால் நான் இங்கே எடுத்துக்கொள்வது ஆலையில் பிறந்த காரை அல்ல, பொத்தேரி ரயில் நிலையத்தை ஒட்டிய எஸ்.ஆர்.எம். வளாகத்தில் மாணவர்கள் கையால் செய்யும் பந்தயக் காரை. அவர்களுடைய கேம்பர் ரேசிங் போன்ற அணிகளுக்கு இலக்கு ‘ஃபார்முலா பாரத்’ போட்டி. அது நடப்பது கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில். பந்தயக் கார்களைத் தானே வடிவமைத்து ஓட்டிய எஸ்.கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரைத் தாங்கி 2003இல் திறக்கப்பட்ட ஓடுதளம் அது.

இந்தக் காருக்குப் பதிவெண் கிடையாது, முகப்பு விளக்கு கிடையாது. பொதுச் சாலையில் ஒரு மீட்டர்கூட ஓட்ட முடியாது. அங்கே போனதும் முதல் நாளே ஓடப் போவதும் இல்லை. நடுவர்கள் நிற்கும் காரைச் சுற்றிவந்து, குனிந்து பார்த்து, வடிவமைப்புக்கு மதிப்பெண் போடுவார்கள். அந்த வகையில் இதுவும் காட்சிக்குப் போகும் கார்தான். ஓராண்டு உழைப்பு உளுந்தூர்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையில் ஒரு பெல்ட் தளர்ந்ததால் வளைந்துபோகக் கூடாது. வடபழனி ஏவி.எம். அருங்காட்சியகத்தில் இருப்பவை போன்ற பழைய கார்களை வைத்திருப்பவர்களுக்கும் இதே கவலைதான், இதே இயற்பியல்தான்.

முதல் சிக்கல் ஏற்றும்போதே வருகிறது. மாணவர் ஃபார்முலா விதிப்படி காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே குறைந்தது 1,525 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி சுமார் 30 மில்லிமீட்டர்தான். சரிவுப் பலகையில் ஏறி, லாரியின் தட்டையான தளத்தைத் தொடும் முனையில் முன் சக்கரங்கள் தளத்திலும் பின் சக்கரங்கள் சரிவிலும் இருக்கும். அப்போது அந்த முனை காரின் வயிற்றைத் தட்டும். எந்தச் சாய்வு வரை தட்டாது என்று பள்ளிக்கூட முக்கோணவியலிலேயே கண்டுபிடித்துவிடலாம்: இந்தக் காருக்கு ஏறத்தாழ நாலரை டிகிரி. லாரித் தளம் தரையிலிருந்து 1 மீட்டர் உயரம் என்றால், நாலரை டிகிரியில் ஏறச் சுமார் 13 மீட்டர் நீளப் பலகை வேண்டும். அப்படி ஒரு பலகையை யாரும் லாரியோடு எடுத்துப் போவதில்லை. 250 கிலோவை ஒட்டிய எடை என்பதால் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தூக்கி வைப்பதே நல்லது. தூக்குகிறவர்கள் இறக்கைகளைப் பிடிக்காமல் சட்டத்தைப் பிடிக்க வேண்டும்.

சாதாரண காருக்கு இந்த எல்லை 15 டிகிரி வரை இருக்கும். அடிப்பாகத்தைத் தாழ்த்திய அலங்காரக் கார்களுக்கு 8 டிகிரி அளவில் நின்றுவிடும். அவற்றை நம்மூர் ரெக்கவரி வண்டிகளில் ஏற்றும்போது தளத்தையே பின்னால் சறுக்கிச் சாய்க்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அப்போதும் சக்கரத்துக்கு அடியில் நீளப் பலகைகளைப் போட்டு முனையின் கூர்மையைக் குறைத்தாக வேண்டும்.

ஏற்றியாகிவிட்டது. இனி என்னென்ன விசைகள் வரும்? லாரி பிரேக் அடித்தால் கார் முன்னால் தள்ளப்படுவதாகச் சொல்கிறோம். உண்மையில் யாரும் தள்ளுவதில்லை. லாரி வேகம் குறைகிறது, கார் பழைய வேகத்திலேயே போகப் பார்க்கிறது. காரையும் லாரியோடு சேர்த்து நிறுத்த யாராவது பின்னுக்கு இழுத்தாக வேண்டும். சரக்குக் கட்டும் விதிகள் இந்த இழுப்புக்கு ஒரு அளவு வைத்திருக்கின்றன. அமெரிக்க மத்திய விதிகள் முன்பக்கத்துக்குப் புவியீர்ப்பில் 0.8 பங்கு, பின்பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் 0.5 பங்கு தாங்க வேண்டும் என்கின்றன. ஐரோப்பியத் தரநிலையும் இதை ஒட்டியதே. 1,200 கிலோ எடையுள்ள காருக்கு முன்பக்கக் கணக்கு 960 கிலோ விசை. ஏறக்குறைய காரையே கயிற்றில் தொங்கவிடும் அளவு.

“ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, எங்கே போகும்?” என்ற கேள்வியை ஏற்றுமிடங்களில் கேட்கலாம். போகும். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. லாரி வேகம் குறையும்போது காரின் எடை முன் சக்கரங்களுக்கு மாறுகிறது, பின் சக்கரங்கள் இலேசாகின்றன. உலர்ந்த இரும்புத் தளத்தில் ரப்பரின் உராய்வு 0.6 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், இலேசான அந்தப் பின் சக்கரங்கள் தாங்குவது தேவையில் கால் பங்குதான். தளத்தில் மழைத் தண்ணீரோ டீசல் கசிவோ இருந்தால் அதுவும் இல்லை. மாணவர்களின் காரில் ஹேண்ட் பிரேக்கே கிடையாது. பிடிக்க எதுவும் இல்லாத சக்கரத்தை உருட்ட, எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு விசை போதும்.

அதனால் சக்கரத்துக்குக் கட்டை. இதிலும் கணக்கு இருக்கிறது, என் பார்வையில் இந்த வேலையிலேயே மிகவும் அழகான கணக்கு இதுதான். 30 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் 5 சென்டிமீட்டர் கட்டையின் மேல் ஏறத் தன் மேல் உள்ள எடையில் சுமார் 0.66 பங்கு விசை போதும். 0.8 பங்கு பிரேக்குக்கு அது ஏறிவிடும். கட்டை 7.5 சென்டிமீட்டர் ஆனால் 0.88. 10 சென்டிமீட்டர் ஆனால் 1.1 பங்கு. சக்கர ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது கட்டையின் உயரம் இருக்கட்டும் என்று சொல்வது இதனால்தான். வழியில் கிடைத்த அரைச் செங்கல்லை வைத்துவிட்டுப் போகிறவர் இந்த எண்களை ஒருமுறை பார்த்தால் போதும். கட்டை தளத்தோடு ஆணியோ போல்ட்டோ கொண்டு பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சறுக்கி ஓடும் கட்டைக்கு எவ்வளவு உயரம் இருந்தும் பயனில்லை.

உருளுவதைத் தடுத்தாயிற்று. இனி வருவது குதிப்பது. காரைக் கட்டுவதில் உண்மையான கருத்து வேறுபாடு இங்கேதான் இருக்கிறது: பெல்ட்டை எதில் மாட்டுவது, உடலிலா சக்கரத்திலா?

உடலில் மாட்டுவது இயல்பாகத் தோன்றும். சட்டத்தில் கொக்கியைப் போட்டு, ராட்செட் என்ற பல்சக்கரப் பூட்டால் இறுக்கி, காரைத் தளத்தோடு அழுத்திவிட்டால் அசையாது என்று மனம் சொல்கிறது. ஆனால் உடலுக்கும் தளத்துக்கும் நடுவே ஸ்பிரிங் இருக்கிறது. லாரி வேகத்தடை மேல் விழுந்தால் காரின் உடல் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு மேலும் கீழே இறங்கும். அந்த நொடியில் பெல்ட் தளர்கிறது. தளர்ந்த பெல்ட்டின் கொக்கி கழன்று விழலாம். விழாவிட்டாலும், உடல் மேலே வரும்போது சுண்டி இழுக்கும்.

அந்தச் சுண்டலின் அளவைப் பார்ப்போம். 1,200 கிலோ கார், பெல்ட்டில் 5 சென்டிமீட்டர் தளர்வு, லாரி திடீரென்று 0.8 பங்கு பிரேக் அடிக்கிறது. கார் 5 சென்டிமீட்டர் தடையின்றி நகர்ந்து வேகம் பிடிக்கிறது, பிறகு பெல்ட் 3 சென்டிமீட்டர் நீண்டு அதை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 960 கிலோ விசை மொத்தம் 8 சென்டிமீட்டர் தூரத்துக்கு வேலை செய்கிறது. அந்த ஆற்றல் முழுவதையும் பெல்ட் 3 சென்டிமீட்டருக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும். பெல்ட்டின் இழுவிசை பூஜ்யத்திலிருந்து ஏறுவதால் உச்சம் சராசரியைப்போல் இரு மடங்கு. பெருக்கிப் பார்த்தால் சுமார் 5,100 கிலோ. தளர்வே இல்லாமல் மெல்ல ஏறும் பிரேக்குக்கு 960 போதும் என்ற இடத்தில் 5,100.

இப்போது பெல்ட்டின் பலம். அமெரிக்கச் சந்தையில் வழக்கமாகக் கிடைக்கும் 2 அங்குலப் பாலியெஸ்டர் பெல்ட் அறுபடும் அளவு 10,000 பவுண்டு, அதாவது 4,500 கிலோவை ஒட்டியது. வேலைக்கு அனுமதிக்கப்பட்ட அளவு அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 1,500 கிலோ. பெல்ட் தரையோடு 45 டிகிரி சாய்ந்து, மேலிருந்து பார்க்கையிலும் 45 டிகிரி திரும்பியிருந்தால், அதன் இழுப்பில் பாதிதான் காரைப் பின்னுக்கு இழுக்க உதவுகிறது. மீதி கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் போய்விடுகிறது. முன்னால் பாய்வதைத் தடுக்க இரண்டு பெல்ட்கள் இருந்தால், நன்றாக இறுக்கிய நிலையில் ஒவ்வொன்றிலும் 960 கிலோ. தாராளமாகத் தாங்கும். 5 சென்டிமீட்டர் தளர்ந்த நிலையில் ஒவ்வொன்றிலும் 5,100 கிலோ. அறுந்துவிடும். அதே பெல்ட், அதே கார், அதே பிரேக். கடையில் பெல்ட் வாங்கும்போது “5 டன் தாங்கும்” என்றால், அந்த 5 டன் வேலை அளவா அறுபடும் அளவா என்று கட்டாயம் கேளுங்கள். அதைவிட முக்கியமான கேள்வி, தளர்வு எங்கிருந்து வரும் என்பது.

சக்கரத்தைக் கட்டினால் அந்தத் தளர்வு வரும் வழியே பெரும்பாலும் அடைபட்டுவிடுகிறது. டயரின் மேல் பெல்ட்டைப் போர்த்தி, முன்னும் பின்னும் தளத்தில் மாட்டி இறுக்கினால், சக்கரம் தளத்தோடு ஒன்றாகிவிடும். உடல் தன் ஸ்பிரிங் மேல் தாராளமாக ஆடிக்கொள்ளும். ஷாக் அப்சார்பர் அந்த ஆட்டத்தை விழுங்கும். சாலையில் ஓடும்போது கார் என்ன அனுபவிக்குமோ அதைத்தான் இப்போதும் அனுபவிக்கிறது. பக்கவாட்டில் 0.5 பங்கு விசை வந்தால், வளைவில் சற்று வேகமாகத் திரும்பியது போன்ற சாய்வு ஏற்படும், அவ்வளவே. அதற்காகவே செய்யப்பட்ட அமைப்பை அதன் வேலையைச் செய்ய விடுகிறோம். ஆலைகளிலிருந்து புதுக் கார்களைக் கொண்டுபோகும் டிரெய்லர்களில் துளைத் தகடுகளும் டயர் பெல்ட்களும் கட்டைகளும் இருப்பது இந்தக் காரணத்துக்காகத்தான். காற்று சஸ்பென்ஷன் உள்ள அலங்காரக் கார்களுக்கு இது இன்னும் அவசியம். வழியில் காற்று கசிந்து உடல் இறங்கினால் உடலில் மாட்டிய பெல்ட்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் தளர்ந்துபோகும்.

மாணவர்களின் காருக்கு இன்னொரு காரணமும் உண்டு. சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் மெல்லிய குழாய்க் கைகளைப் பார்த்ததும் கொக்கி மாட்ட வசதியாகத் தோன்றும். அந்தக் குழாய்கள் நீளவாக்கில் இழுப்பதையும் அழுத்துவதையும் தாங்கக் கணக்கிடப்பட்டவை. இரு முனைகளிலும் கீல் போன்ற மூட்டு இருப்பதால் ஓடும்போது அவற்றில் வளைவு விசை ஏறக்குறைய வருவதே இல்லை. அதை நம்பித்தான் சுவரை அவ்வளவு மெல்லிதாக வைத்து எடையைக் குறைக்கிறார்கள். நடுவில் பெல்ட்டைப் போட்டு இழுத்தால், வடிவமைத்தவர் ஒருபோதும் எதிர்பார்க்காத திசையில் அது வளையும். கார்பன் குழாயாக இருந்தால் வளையாமல் உள்ளே விரிசல் விடும், கண்ணுக்கும் தெரியாது. சட்டத்தில்தான் மாட்டியாக வேண்டும் என்றால் குழாய்கள் சந்திக்கும் முடிச்சில் மாட்ட வேண்டும், இரண்டு முடிச்சுகளுக்கு நடுவில் அல்ல.

பழைய கார்களுக்கு வேறு வசதி. அம்பாசடர் போன்றவற்றின் பின்புறம் பட்டை வில்லின் மேல் அமர்ந்த முழு அச்சு இருக்கிறது. அது சக்கரத்தோடு சேர்ந்து அசைவதால், அதில் மென்மையான உறையிட்ட பெல்ட்டைச் சுற்றலாம். அச்சின் மேலேயே ஓடும் பிரேக் குழாயை நசுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பிச் சக்கரம் உள்ள கார்களில் கம்பிகளுக்கு இடையே பெல்ட் நுழைப்பதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். நவீன கார்களின் பம்பரில் திருகி மாட்டும் இழுவைக் கொக்கி, காரை நேராக இழுப்பதற்கானது. அதைக் கீழ்நோக்கிக் கட்டப் பயன்படுத்தினால் அதன் திருகு மரை வளையும்.

பெல்ட்களை முன்னிரண்டும் பின்னிரண்டும் குறுக்காகப் போட்டால் பக்கவாட்டு நகர்வும் கட்டுப்படும். பாலியெஸ்டர் நல்லது, நைலான் கூடாது. நைலான் அதிகம் நீளும், மழையில் தண்ணீரைக் குடித்து இன்னும் நீளும். கூர்மையான இரும்பு விளிம்பில் உரசும் இடத்தில் தடித்த ரப்பர் வைக்க வேண்டும். இறுக்கப்பட்ட பெல்ட்டை விளிம்பு கத்தியாக அறுக்கும். ராட்செட்டின் கைப்பிடி, உள்ளே உள்ள உருளையின் ஆரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் நீளம். 30 கிலோ விசையில் இழுத்தாலே 300 கிலோ இழுவிசை கிடைத்துவிடும். கைப்பிடியில் இரும்புக் குழாய் செருகி இன்னும் இறுக்குகிறவர்கள் பெல்ட்டின் பலத்தைப் பயணம் தொடங்கும் முன்பே செலவழிக்கிறார்கள்.

லாரி எது என்பதும் முக்கியம். மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதுதான் என்று நினைக்கிறேன். கார் 250 கிலோதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் 9 டன் சுமைக்காகச் செய்த லாரியில் 250 கிலோ ஏற்றினால் அது காலி லாரி. அதன் பட்டை வில்கள் 9 டன்னுக்கு ஏற்ற விறைப்போடு இருக்கின்றன. விறைப்பு அதே, எடை குறைவு என்றால் அதிர்வெண் ஏறும், குலுக்கல் கடுமையாகும். பட்டை வில்லின் தகடுகளுக்கு இடையே உராய்வும் இருக்கிறது. சிறிய மேடுபள்ளங்கள் அந்த உராய்வை வெல்லப் போதாததால், வில் வில்லாகவே வேலை செய்யாமல் இரும்புக் கட்டையைப்போல நின்றுவிடுகிறது. காலி லாரியின் பின்முனை வேகத்தடையில் துள்ளும்போது, தளத்தில் கட்டாமல் வைத்த பொருள் ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும். தளத்தைத் தொடாத பொருளுக்கு உராய்வு பூஜ்யம். அந்தக் கணத்தில் பெல்ட்டைத் தவிர வேறு எதுவும் காரைப் பிடித்திருக்கவில்லை. எனவே காரைப் பின் அச்சுக்கு அப்பால் நீண்ட பகுதியில் வைக்காமல், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வைக்க வேண்டும். முடிந்தால் காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டியாகப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் டயர், ஜாக்கி, கருவிப்பெட்டி எல்லாவற்றையும் அதே லாரியில் ஏற்றிக் கொஞ்சம் எடையாவது கூட்டலாம். அவற்றையும் தனித்தனியாகக் கட்டிய பிறகு.

லாரிக்குப் பதில் ஜீப்போ எஸ்.யூ.வி.யோ இழுக்கும் சிறிய டிரெய்லர் என்றால் எடையின் இடம் இன்னும் முக்கியம். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுவைக் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். காரைப் பின்னால் தள்ளி வைத்து இந்த அழுத்தம் குறைந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி இழுக்கும் வண்டியையே திருப்பிவிடும். பந்தயக் காரில் எஞ்சின் பின்னால் இருப்பதால், முகத்தை முன்னோக்கி வைத்தால் எடை பின்னுக்குப் போகிறது. காரைத் திருப்பி, பின்புறம் முன்னால் இருக்கும்படி ஏற்றுவது பல நேரங்களில் இந்தச் சமநிலையை எளிதாகக் கொடுக்கும்.

வண்ணப்பூச்சைக் காப்பாற்ற நினைத்து மூடிய கண்டெய்னருக்குள் கார் மேல் துணி உறை போர்த்துகிறார்கள். காரின் மேல் தூசி இருந்தால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அதிரும் துணி அந்தத் தூசியை வைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் ஆகிவிடும். மேலே உள்ள பளபளப்புப் பூச்சின் தடிமன் 50 மைக்ரான் அளவுதான், முடியைவிட மெல்லியது. கழுவித் துடைத்து, மூடிய கண்டெய்னரில் உறையில்லாமல் விடுவதே பாதுகாப்பு. மின்சாரக் காராக இருந்தால் உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். பெட்ரோல் காரென்றால் தொட்டியில் மிகக் குறைவாக வைத்து, மின்கலத்தைக் கழற்ற வேண்டும்.

பொத்தேரியை விட்டுக் கிளம்பியதும் முதல் சில கிலோமீட்டர்களில்தான் பெல்ட் அதிகமாகத் தளர்கிறது. இழைகள் நீண்டு படிகின்றன, டயர் அழுந்தி உட்காருகிறது, கொக்கிகள் தங்கள் இடத்தைக் கண்டுகொள்கின்றன. அமெரிக்க விதி முதல் 50 மைலுக்குள் ஒருமுறை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. இந்தப் பாதையில் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டி ஓரமாக நிறுத்தி ஒருமுறையும், விழுப்புரத்துக்கு முன்பே வரும் ஆத்தூர் சுங்கச்சாவடிக்கு அப்பால் மறுமுறையும் பார்த்தால் அந்த அளவுக்குள்ளேயே இரண்டு சோதனை முடிந்துவிடும். ராட்செட்டில் ஒரு பல் ஏறினாலும் ஏற்ற வேண்டியதுதான். அதன்பிறகு விழுப்புரம், சேலம் என்று நிற்கும் இடமெல்லாம் பெல்ட்டை உள்ளங்கையால் தட்டிப் பார்க்கலாம்.

செட்டிப்பாளையத்தில் இறக்கும்போது எல்லாப் பெல்ட்டையும் ஒரே மூச்சில் அவிழ்க்கக் கூடாது. கட்டைகளை அப்படியே விட்டு, தளம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அதற்கு மேட்டுப்புறப் பெல்ட்டைக் கடைசியாக அவிழ்க்க வேண்டும். காரைக் கீழே வைத்த பிறகு சக்கர நட்டுகளைச் சரியான முறுக்கு விசையில் மறுபடி இறுக்கி, சக்கரங்களின் சாய்வுக் கோணத்தையும் திசைக் கோணத்தையும் பொத்தேரியில் எழுதி வைத்த எண்களோடு ஒப்பிட வேண்டும். தொழில்நுட்பச் சோதனையில் காரை 60 டிகிரி சாய்த்து, கவிழாமலும் திரவம் கசியாமலும் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பயணத்தில் தளர்ந்த ஒரு குழாய் இணைப்பு அங்கே சொட்டத் தொடங்கும் முன், வரிசையில் போய் நிற்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிட வேண்டும்.